சிரித்துப் பாடலாமா?



பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா நெருங்கிவிட்டால் நம் சூலூர்ப் பக்கத்து வீடுகளில் அமர்க்களத்துக்குக் குறைவிராது. உடுப்புத் தைக்கக் கொடுப்பதும், ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதும், இருட்டியபின் வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பதுமாகப் பொழுது போய்விடும். இந்த அமர்க்களத்தின் நடுவே ஒரு தகப்பனார் என்னை வழியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, எம் பொண்ணு பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவுல சேந்திருக்கறா. ஏதோ தவளையும் வண்டி மாடும் சண்டை போட்டுக்கற பாட்டாமுங்க. வீடு பூரா கொர்ரு கொர்ருன்னு கத்திக்கிட்டுத் திரியறா. பாடறதுன்னா நல்லதா ஒரு பக்திப் பாட்டு, ஒரு தேசப் பாட்டு பாடக் கூடாதுங்களா? இந்தக் கூத்தையெல்லாம் வாத்தியாருங்க சொல்லித் தரோணுமுங்களா?"

"குழந்தைதானே, சிரித்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லி நான் நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, நான் சொன்னது பதிலே அல்ல என்று தோன்றிற்று. குழந்தைதானே என்று விட்டுவிடுவதானால் எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிரிப்பூட்டும் பாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பது நன்மையா, வெறும் பொழுதுபோக்கா, அல்லது தீமையா? இதற்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய சம்பவத்தையும் ஞாபகப்படுத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு பள்ளியின் விழாவுக்குப் போயிருந்தேன். இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு விகடப் பாட்டுப் பாடினார்கள். தின்று தின்று பருத்த ஒரு பையனைப் பற்றிய பாட்டு. அந்த வகுப்பிலேயே பருமனான பையன் ஒருவனை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு அடி முடியும்போதும் மற்றவர்கள் அவன் வயிற்றைச் சுட்டிக் காட்ட வேண்டும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பையனும் சிரித்தான், வேறென்ன செய்வான்? எனக்கு முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் குனிந்திருந்தார். அவரும் சிரிக்கிறார் என்று எண்ணிக் கொண்டேன். பாட்டு முடிந்து விளக்குகள் எரிந்தபோதுதான் அவருடைய கண்களைப் பார்த்தேன். அவர் அந்தப் பையனின் தாய்.

அன்று நானும் சிரித்தேன் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆகையால் "சிரித்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்ல எனக்குத்தான் முதலில் உரிமை இல்லை.

சிரிப்புக்கு இடம் உண்டா?

முதலாவது, சிரிப்பே ஆகாது என்கிறவர்களைக் கேட்போம். அவர்களை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. சேசுநாதர் அழுததாகச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம், சிரித்ததாக ஓரிடத்திலும் வாசிக்கவில்லையே என்று அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பரே தமது பிரசங்கத்தில் சுட்டிக் காட்டியிருக்கிறார். வாழ்வு சுருக்கமானது, அதில் வீண் விளையாட்டுக்கு நேரம் ஏது என்பது அவர்கள் வாதம். அதே வாதத்தை இந்தக் காலத்துப் பெற்றோர் வேறு விதமாய்ச் சொல்கிறார்கள்: "பரீட்சை வருகிறது, தவளைப் பாட்டா மார்க்கு வாங்கித் தரும்?"

இதற்கு மறுமொழி சொன்னவர் சாமானியர் அல்லர். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் விளையாட்டைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். அவர் அங்கே ஒரு பழங்கதையை எடுத்துக் காட்டுகிறார். சுவிசேஷகரான அர்ச். அருளப்பர் ஒரு நாள் தம் சீடரோடு விளையாடிக் கொண்டிருந்தாராம். அதைக் கண்ட சிலர், இவ்வளவு பெரியவர் இப்படிச் செய்யலாமா என்று முகம் சுளித்தார்கள். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அருளப்பர் அவனை ஓர் அம்பு எய்யச் சொன்னார். எய்தான். இன்னும் சில எய்யச் சொன்னார். எய்தான். இப்படியே ஓயாமல் எய்துகொண்டே இருப்பாயா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் ஒடிந்துவிடும் என்றான் அவன். மனமும் அப்படித்தான், ஒருபோதும் தளர்த்தாவிட்டால் முறிந்து போகும் என்றார் அருளப்பர்.

உடம்பின் களைப்புக்கு உறக்கம் எப்படியோ, மனத்தின் களைப்புக்கு விளையாட்டு அப்படி என்பது அர்ச். தோமாசின் முடிவு. அவர் இதோடு நிற்கவில்லை. தானும் சிரிக்காமல், பிறர் சிரிப்பதையும் பொறுக்காமல் மற்றவருக்குப் பாரமாயிருப்பதும் ஒரு குற்றமே என்கிறார். அளவுக்கு மிஞ்சிய விளையாட்டைவிட அது சிறிய குற்றம் என்று நியாயத்தோடு சேர்த்தும் சொல்லுகிறார். இந்த விஷயத்தில் அவருக்கு வழிகாட்டி கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில். எப்பாடு பட்டாவது பிறரைச் சிரிக்க வைக்கப் பார்க்கும் கோமாளி ஒரு பக்கம், எதற்கும் சிரிக்காத முரடன் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே நயமாக விளையாடத் தெரிந்தவன் நிற்கிறான், அந்த நயமும் ஒரு சற்குணமே என்பது அரிஸ்டாட்டில் வகுத்த வழி.

சேசுநாதர் சிரித்ததாக எழுதப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் சந்தைவெளியில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளை அவர் கவனித்துப் பார்த்திருக்கிறார். குழல் ஊதினோம், நீங்கள் ஆடவில்லை என்று ஒரு கூட்டம் மறு கூட்டத்தைக் குறை சொல்லும் அந்த விளையாட்டை எடுத்துத்தான் தம் காலத்தவரின் கடின மனத்தை அவர் கண்டித்தார். கூப்பிட்டும் ஆட வராத பிள்ளையை அவர் புகழவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வள்ளுவரும் இதே பக்கம்தான். பிறரோடு கலந்து சிரித்து மகிழத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பட்டப் பகலிலும் இருண்டு கிடக்கும் என்கிறார் 999-ம் குறளில். சிரிப்பு வேண்டும் என்று சொன்னதோடு, சிரிக்கத் தெரியாவிட்டால் இருட்டு என்றே சொல்லிவிட்டார். ஆகவே அந்தத் தகப்பனாரின் முதல் சந்தேகம் தீர்ந்தது. சிரித்துப் பாடலாம். பாடவும் வேண்டும்.

எந்தச் சிரிப்பு?

ஆனால் அந்தத் தாயின் கண்களுக்கு என்ன பதில்? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

தொல்காப்பியர் மனத்தின் உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தபோது நகையை முதலில் வைத்தார். அந்த நகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் பிரித்துக் காட்டினார். எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து சிரிப்பது. இளமை என்பது குழந்தைத்தனத்தைக் கண்டு சிரிப்பது. பேதைமை அறியாமையால் வரும் சிரிப்பு. மடன் என்பது சூதுவாது தெரியாமல் எதையும் நம்பிவிடும் வெள்ளை மனத்தால் வரும் சிரிப்பு. நான்கும் சிரிப்புத்தான், வாயின் ஓசையும் ஒன்றுதான். ஆனால் ஊற்று வேறு.

இவற்றுள் எள்ளலைத்தான் நாம் அன்று அந்த மேடையில் பார்த்தோம். வள்ளுவர் இதையும் விடவில்லை. விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்கிறார் 995-ம் குறளில். பாருங்கள், 995 இகழ்ச்சிச் சிரிப்பு ஆகாது என்கிறது, 999 சிரிப்பில்லாவிட்டால் இருள் என்கிறது. இரண்டும் பண்புடைமை என்ற ஒரே அதிகாரத்தில், நான்கு குறள் இடைவெளியில் இருக்கின்றன. சிரிக்கவும் தெரிய வேண்டும், எள்ளாமல் சிரிக்கவும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்ததே பண்பு.

எள்ளாமல் சிரிக்க வைப்பது எப்படி என்பதற்கு நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1726-ல் தேம்பாவணி என்னும் பெருங்காவியத்தைத் தந்த வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். காவியம் பாடிய அதே கை சிரிப்புக் கதையும் எழுதியது. அந்தக் கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணிப் பார்க்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவரைக் காணோம் என்று எல்லாரும் கூடி அழுகிறார்கள். நாம் சிரிக்கிறோம். ஏன் சிரிக்கிறோம்? நாமும் அப்படித்தான். ஊரிலுள்ள குறைகளை எண்ணும்போது நம்முடையதை விட்டுவிட்டு எண்ணுகிறோம். அந்தச் சிரிப்பு கடைசியில் நம் மேலேயே வந்து விழுகிறது. அதனால் யாருக்கும் காயமில்லை, எல்லாருக்கும் கொஞ்சம் புத்தி.

ஆகையால் ஒரு விகடப் பாட்டைச் சோதிக்க எளிய வழி இதுதான்: பாடுகிற பிள்ளைகள் சிரிக்கப்படுகிறவர்களோடு தங்களையும் சேர்த்து எண்ணிக் கொள்கிறார்களா? தவளையாய்க் கத்துகிறவன் தன்னையே வேடிக்கையாக்கிக் கொள்கிறான், அதில் தவளைக்கும் வருத்தமில்லை. பருத்த பையனைச் சுட்டிக் காட்டிப் பாடுகிறவர்கள் தங்களை ஒதுக்கி வைத்துக் கொண்டு ஒருவனைச் சிரிப்புக்கு ஆளாக்குகிறார்கள். அன்று கூட்டத்தில் எத்தனை பேர் மகிழ்ந்தார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் எல்லாரும் என்றுதான் சொல்லியிருப்போம். நடுவில் நின்றவனை எண்ணாமல் விட்டுவிட்ட கணக்கு அது.

உருவம், நிறம், திக்குவாய், ஊனம், சாதி, தொழில், ஏழ்மை, பேச்சு வழக்கு இவற்றை வைத்துச் சிரிப்பூட்டும் பாட்டு எவ்வளவு இனிய மெட்டில் இருந்தாலும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டக் கூடாது. மாமியார், மருமகள், குடிகாரன் என்று வரும் பாட்டுகளையும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக் கொள்ள வேண்டும். குடிகாரத் தகப்பன் உள்ள பிள்ளையும் அந்த வரிசையில் நின்று பாடக் கூடும்.

ஏன் கூடிப் பாட வேண்டும்?

கதையாகச் சொன்னால் போதாதா, பாட்டாக ஏன், அதிலும் குழுவாக ஏன் என்று கேட்கலாம். பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய சட்டங்கள் என்னும் நூலில், கல்வியில்லாதவன் யார் என்ற கேள்விக்கு, கூடிப் பாடியாடும் குழுவில் பயிற்சி பெறாதவனே என்று விடை தருகிறார். இது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஒத்திகை நடக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

சுழற்சியாய்ப் பாடும் பாட்டு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் பிரிவு ஓர் அடியைப் பாடி முடிக்கும்போது இரண்டாம் பிரிவு அதே அடியை முதலிலிருந்து தொடங்கும். பிறகு மூன்றாம் பிரிவு. பக்கத்துப் பிரிவு வேறு அடியைப் பாடிக் கொண்டிருக்க, நம் அடியை நாம் விடாமல் பிடிக்க வேண்டும். ஆனால் காதைப் பொத்திக் கொண்டும் பாட முடியாது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக் கொண்டே பாட வேண்டும். ஒருவன் கத்தினால் எல்லாம் குலைந்து போகும். பிறரைக் கேட்டுக் கொண்டே தன் கடமையைச் செய்வது என்ற இந்தப் பாடத்தை உபதேசமாகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். தவளைப் பாட்டாகச் சொன்னால் மறுநாளும் வருவார்கள்.

நாக்குச் சுழலும் பாட்டுகளைப் பாருங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் மாறி மாறி வரும்படி கட்டிய பாட்டை வேகமாகப் பாடும்போது முதலில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள், ஆசிரியர் உட்பட. ஒருவரையும் குறி வைக்காத சிரிப்பு அது. ஒரு வாரத்தில் உச்சரிப்புத் திருந்திவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது இன்னொன்று. தனிப் பாட்டுப் போட்டியில் நல்ல குரலுக்கு மட்டுமே இடம். வேடிக்கைப் பாட்டில் எல்லாக் குரலுக்கும் இடம் உண்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு உடைந்து, வாயைத் திறந்தாலே இரண்டு குரல் வரும் பையனைக் குழுவிலிருந்து நிறுத்திவிடுவது வழக்கம். அவன் வெட்கி ஒதுங்கிவிடுகிறான். சிலர் பிறகு வாழ்நாள் முழுவதும் பாடுவதே இல்லை. தவளைப் பாட்டில் அவன்தான் கிழட்டுத் தவளை! அவனுடைய கரகரப்பே அங்கே வேண்டியிருக்கிறது. சுருதி சேராத சிறுமி வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி ஆகலாம். பேசவே கூச்சப்படுகிறவன் தாளக் கட்டையைத் தட்டலாம். நடுவில் ஒருவனை நிறுத்தி மற்றவர்கள் சிரித்த அந்தப் பாட்டுக்கு நேர் எதிர் இது. ஒதுங்கி நின்றவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது.

இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரத்தில் அதிரியானோ பங்கியேரி என்று ஒரு சந்நியாசி இருந்தார். 1608-ம் ஆண்டில், தபசு காலத்துக்கு முந்திய வியாழக்கிழமைக் கொண்டாட்டத்துக்காக அவர் அமைத்த பாட்டுத் தொகுப்பில் நாய், குயில், பூனை, ஆந்தை நான்கும் கூடிக் கச்சேரி செய்யும் பாட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவும் ஒரு பிராணியாய்க் கத்த, கீழ்க்குரல் ஒன்று மிகவும் கம்பீரமாக அவற்றைத் தாங்கிச் செல்லும். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உலகமெங்கும் பாட்டுக் குழுக்கள் அதைப் பாடி வருகின்றன. தவளைப் பாட்டைக் கண்டு திகைத்த தகப்பனாருக்கு, மடத்துச் சந்நியாசி ஒருவரே பூனையாகக் கத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பது ஆறுதலாயிருக்கும்.

அர்ச். பிலிப்பு நேரி உரோமாபுரியில் வாலிபர்களை வேடிக்கையாலும் பாட்டாலுமே வசப்படுத்தினார். துரின் நகரத்து ஏழைப் பையன்களை அர்ச். ஜான் போஸ்கோ சேர்த்ததும் அப்படித்தான். இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன் என்ற பெரிய இசை மேதை, தம் சகோதரர் தலைமையாசிரியராயிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்காக 1933 முதல் 1935 வரை பன்னிரண்டு பாட்டுகள் அமைத்தார். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள் என்று அவற்றுக்குப் பெயர். வாரக் கடைசியில் பாடம் முடிந்து பிள்ளைகள் பாடும் வேளை அது. பெரியவர்கள் குழந்தைகளின் சிரிப்பை அற்பமாக எண்ணவில்லை என்பதற்காகவே இவர்களைச் சொன்னேன்.

நம் மண்ணின் பாட்டு

இதற்காக நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கமலையைக் கவலை என்று சொல்வது நம் கொங்கு வழக்கு. அந்தக் கவலை ஓட்டியவர்கள் பாட்டில்லாமல் ஓட்டினதில்லை. மனத்துக் கவலையும் அதோடு ஓடிற்று என்று தாத்தாமார் வேடிக்கையாய்ச் சொல்லலாம். பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கிற நோன்புக்குப் போகும் பெண் பிள்ளைகள் கும்மி அடித்துப் பாடிப் போனார்கள். சடுகுடு விளையாடுகிறவனும் பாடிக் கொண்டேதான் எல்லைக் கோட்டைத் தாண்டினான். விடுகதையைப் பிசி என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே இடம் கொடுத்த மொழி நம்முடையது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞரான நம் கோவை மாவட்டத்து எம். பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தக் கலை முதியோரோடு முடிந்துவிடவில்லை. இன்றைக்கும் நம் பக்கத்து ஊர்களில் சிறுவர் முதல் பாட்டிமார் வரை ஒரே வட்டத்தில் நின்று அடி வைக்கிறார்கள்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராயிருந்தவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக நடத்தித் தந்த அந்தப் பேரறிஞர், குழந்தைகளுக்கென்று தனியே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் தந்தார். கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றினார். அத்தோடு சிறுவர் பாட்டும் எழுதினார், நம் ஊர்களின் நாட்டுப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். கலைக்களஞ்சியம் செய்தவருக்குச் சிறுவர் பாட்டு இழுக்காகத் தோன்றவில்லை.

பாரதியார் 1915-ல் பாப்பாவுக்குப் பாட்டு எழுதினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கென்று பாடினார். வங்கியில் வேலை பார்த்துக் கொண்டே அழ. வள்ளியப்பா குழந்தைக் கவிஞர் என்று பேர் பெற்றார். பல குரல் சேர்ந்து பாடும் முறையைத் தமிழுக்குக் கொண்டுவர உழைத்தவர் எம். பி. சீனிவாசன். சென்னை இளைஞர் இசைக் குழுவை ஏற்படுத்தி, ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட வைத்தவர் அவர். 1988-ல் அவர் மறைந்தபோது கூடிப் பாடும் ஒரு தலைமுறையை விட்டுச் சென்றார்.

இத்தனை செல்வம் இருக்க, நம் ஆண்டு விழாக்களில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒலிபெருக்கிதான் பாடுகிறது. பிள்ளைகள் ஆடுகிறார்கள், வாயை அசைக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தை, அதற்குப் பொருளே தெரியாத காதல் சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டுகிறது. நாம் கைத்தட்டி, கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். தவளைப் பாட்டைக் கேட்டு முகம் சுளிக்கும் நாம் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. இது நியாயமா என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மூன்று காவல்கள்

அர்ச். தோமாஸ் விளையாட்டுக்கு மூன்று காவல் வைத்திருக்கிறார். அவற்றையே நம் பள்ளிப் பாட்டுகளுக்கும் வைத்துக் கொள்ளலாம்.

முதல் காவல்: ஆபாசமும் பிறரைப் புண்படுத்துவதும் கூடாது. இதைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. பாட்டைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர் வகுப்பை ஒரு முறை மனத்தில் ஓட்டி, இந்தப் பாட்டால் எந்தப் பிள்ளையாவது வீட்டுக்குப் போய் அழுமா என்று கேட்டுக் கொண்டால் போதும்.

இரண்டாம் காவல்: மனத்தின் நிதானம் அடியோடு போய்விடக் கூடாது. வேடிக்கைப் பாட்டு என்பதற்காகக் கண்டபடி கத்துவது அல்ல. தொண்டை கிழியக் கத்தினால் பிள்ளைகளின் இளங்குரல் கெடும். சிரிப்பூட்டும் பாட்டுக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். ஒரு சொல் தெளிவாகக் கேட்காவிட்டால் வேடிக்கையே போய்விடும், ஒரு மாத்திரை பிந்தினால் சிரிப்பு செத்துவிடும். பாடுகிறவர்களே சிரித்துவிட்டால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். தன்னை அடக்கிக் கொண்டால்தான் பிறரை மகிழ்விக்கலாம் என்று பிள்ளைகள் அங்கே தாங்களே கண்டுகொள்வார்கள்.

மூன்றாம் காவல்: ஆளும் வேளையும் இடமும் பொருந்த வேண்டும். தேவாலயத்துப் பாட்டு வேறு, பள்ளி மேடைப் பாட்டு வேறு. 1903-ம் ஆண்டில் அர்ச். பத்தாம் பத்திநாதர் தேவாலய இசையைப் பற்றிப் பிறப்பித்த கட்டளையில், நாடகமேடைச் சங்கீதம் கோவிலுக்குள் வரலாகாது என்று கண்டித்தார். சிரிப்பு கெட்டது என்று அவர் சொல்லவில்லை, அதற்கு அது இடமல்ல என்றார். நீதிமன்றத்தில் கும்மி அடிப்பதில்லை, அதனால் கும்மி குற்றமாகிவிடாது. அப்படியே இழவு வீட்டுத் தெருவில் ஒத்திகை வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்குப் பதினாறு வயதின் கேலி வேண்டாம். ஆனால் விழா மேடை, வெள்ளிக்கிழமைப் பிற்பகல், பிள்ளைகளோடு சுற்றுலாப் போகும் வண்டி இவையெல்லாம் அதற்கென்றே அமைந்தவை.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு யோசனையும் சொல்லுகிறேன். பாட்டு கிடைக்கவில்லையே என்று தேட வேண்டாம், பிள்ளைகளையே கட்டச் சொல்லுங்கள். மழை பெய்த இரவில் நம் குளத்துத் தவளைகள் இருக்கின்றன. சோமனூர்ப் பக்கத்து விசைத்தறியின் ஓயாத டக்கடி டக்கடி இருக்கிறது. விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பி வகுப்பில் ஆசிரியர் பேச்சைப் பாதியில் விழுங்கிவிடும் விமானம் இருக்கிறது. தறிக்கும் தவளைக்கும் விமானத்துக்கும் யார் குரல் பெரிது என்று சண்டை மூட்டிவிட்டால் மூன்று பிரிவுக்கும் வேலை கிடைத்துவிடும். அந்தப் பாட்டில் தறி ஓட்டுகிறவரின் பிள்ளை தன் வீட்டு ஓசையைப் பெருமையோடு பாடும்.

பெற்றோருக்கு ஒன்று. வீட்டில் பிள்ளை கத்திப் பழகும்போது, "போதும் நிறுத்து" என்று சொல்லுமுன் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். முடிந்தால் மாடாக நீங்களும் ஒரு குரல் கொடுங்கள். குழலையும் யாழையும்விடத் தங்கள் மக்களின் மழலை இனியது என்று உணர்வது பெற்றவர்களுக்கு உரிய பாக்கியம் என்று வள்ளுவர் சொன்னது அருகில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

என்னை வழியில் நிறுத்திய தகப்பனாரை மறுபடி பார்த்தால் இந்த முறை நகர்ந்து போக மாட்டேன். "உங்கள் மகள் படிப்பது கூத்தல்ல. பிறர் குரலைக் கேட்டுக் கொண்டே தன் குரலைக் கொடுக்கவும், யாரையும் நோகடிக்காமல் சிரிக்கவும் படிக்கிறாள். விழாவுக்குத் தவறாமல் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள்" என்று சொல்லுவேன்.

எருசலேம் மறுபடி வாழும் நாளைச் சக்கரியாஸ் தீர்க்கதரிசி வருணித்தபோது, நகரத்துத் தெருக்கள் விளையாடும் சிறுவராலும் சிறுமியராலும் நிறைந்திருக்கும் என்றே சொன்னார். அவர் தெருக்கள் என்று சொன்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய இடத்தை. அந்தப் பருத்த பையனும் அங்கே இருக்க வேண்டும், நடுவில் தனியாக அல்ல, மற்றவர்களோடு வரிசையில். அடுத்த ஆண்டு விழாவுக்கு நாம் பாட்டைத் தெரிந்தெடுக்கும்போது அவனையும் சேர்த்து எண்ணிக் கொள்வோம்.